ஸ்வீடன் எஃகு

2022 ஏப்ரல் 9, சனிக்கிழமை காலை, உக்ரைனின் பொல்தாவா மாகாணத்திலுள்ள வெர்பிவ்கா அஞ்சலகத்துக்கு, மார்புக் கவசத்தில் வைப்பதற்கான நான்கு எஃகுத் தகடுகள் வந்து சேர்ந்தன.

இரண்டு, மருந்துக்கடை வைத்திருக்கும் ஒதார்க்காவின் தம்பி திமீஷுக்கு. மற்ற இரண்டு, அடுத்த வீட்டு உஸ்தீனாவின் கணவனுக்கு. இருவரும் போர்முனையில் ஒரே குழுவில் இருந்தார்கள். நெஞ்சுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என்பது கணக்கு. கவசத்தின் துணி உறை அவர்களிடம் இருந்தது. உள்ளே வைக்கத்தான் எதுவும் இல்லை. குளிருக்காவது ஆகட்டும் என்று கம்பளியை மடித்துச் செருகியிருப்பதாகத் திமீஷ் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தான். ஒதார்க்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மாலை ஐந்து மணிக்கு ஒரு வேன் அந்தப் பக்கம் போகிறது. அதில் தகடுகளை ஏற்றிவிட வேண்டும்.

அஞ்சலகத்திலேயே பொட்டலத்தைப் பிரித்ததும் ஒதார்க்கா முதலில் எடுத்தது சான்றிதழைத்தான். மருந்துக்கடைப் பழக்கம். "ஸ்வீடன் எஃகு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே மூன்று முத்திரைகள். அவற்றில் ஒன்று கொதிகலன்களைப் பரிசோதிக்கும் நிலையத்துடையது.

"இந்த வருஷம் நம்ம நாட்டுல விக்கிற தகடெல்லாம் ஸ்வீடன்தான்" என்றாள் ஒதார்க்கா. "இப்படியே போனா அங்க வாணலிகூட மிஞ்சாது."

"நீ ஒருத்தி, எதை எடுத்தாலும் நொட்டை சொல்லிக்கிட்டு" என்றாள் உஸ்தீனா. "கனமாத்தானே இருக்கு? தூக்கிப் பாரு."

"கனமா இருந்தா கவசமாயிடுமாக்கா? எங்க அடுப்புகூடத்தான் கனம்."

உஸ்தீனா பதில் சொல்வதற்குள் கிந்த்ராத் உள்ளே வந்தார். வேட்டைக்காரர் சங்கத் தலைவர். ஊரில் எங்கே பொட்டலம் பிரித்தாலும் அவருக்கு வாசம் போய்விடும். தகட்டை விரலால் சுண்டினார், காதருகே வைத்துக் கேட்டார், பல்லில் வைத்துக் கடிக்காததுதான் பாக்கி.

"பேச்செதுக்கு? ஒண்ணைச் சுட்டுப் பாத்துருவோம்."

"சுட்டா அந்தத் தகடு போச்சே மாமா!" என்று உஸ்தீனா பதறினாள். "நாலுதானே இருக்கு!"

"நாம சுடாம அனுப்பினா, அங்க ஒருத்தன் சுட்டுப் பாப்பான்" என்றாள் ஒதார்க்கா.

உஸ்தீனா தீப்பெட்டியை எடுத்தாள். யாருடைய தகடு என்பதற்குத் தீக்குச்சி போட்டார்கள். குட்டைக் குச்சி ஒதார்க்காவின் கைக்கு வந்தது. தம்பிக்கு இனி நெஞ்சுக்கு மட்டும்தான், முதுகுக்குக் கம்பளி.

செங்கல் சூளைக்குப் பின்னால் களிமண் வெட்டிய பள்ளம் இருக்கிறது. மண்சுவரில் தகட்டைச் சாய்த்து வைத்துவிட்டு, எல்லோரையும் பின்னால் தள்ளி நிறுத்தினார் கிந்த்ராத். தம் வேட்டைத் துப்பாக்கியைத் தட்டிக் காட்டினார்.

"அவனுங்க வெச்சிருக்கிற அதே அளவுத் தோட்டா. மில்லிமீட்டர் பிசகாது. காதைப் பொத்திக்குங்க பொண்ணுங்களா."

கோயில் மணி போல ஓர் ஓசை. தகடு குப்புற விழுந்தது. ஓடிப்போய்த் திருப்பினார்கள். ஓட்டை இல்லை. கரண்டிக் குழி அளவுக்கு ஒரு பள்ளமும் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றலும்தான். கிந்த்ராத் அந்த வயதிலும் ஒரு சுற்று ஆடினார். சட்டைப்பையிலிருந்து சின்ன போத்தலும், காகிதத்தில் சுற்றிய உப்பிட்ட பன்றிக்கொழுப்பும் வெளியே வந்தன. உஸ்தீனா சிலுவைக் குறியிட்டுத் தகட்டுக்கு முத்தமே கொடுத்துவிட்டாள்.

ஒதார்க்கா மட்டும் மண்ணில் கிடந்த எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஈயத் துண்டு. ஓரமெல்லாம் பூ மாதிரி விரிந்து சப்பையாகியிருந்தது. நகத்தால் கீறினால் கோடு விழுந்தது.

"மாமா, இது என்ன தோட்டா?"

"காட்டுப்பன்னிக்குப் போடறது. உள்ள போனதும் விரிஞ்சிரும். பன்னி ரெண்டடி நகராது."

"அவங்க சுடறதும் இப்படித்தான் விரியுமா?"

கிந்த்ராத் கொழுப்பை மென்றுகொண்டிருந்தார். மெல்லுவது மெதுவாகி, நின்றது.

"இல்ல" என்றார். "அதுக்குள்ள இரும்பு ஆணி மாதிரி ஒண்ணு இருக்கும்."

"அப்ப நாம இப்ப எதைச் சோதிச்சோம்?"

"பன்னியைச் சுடறவன் சுட்டா தாங்கும்" என்றார் அவர். "அதுக்கு நான் உத்தரவாதம்."

"அளவு ஒண்ணுதான்னு நீங்கதானே மாமா சொன்னீங்க!" உஸ்தீனாவின் குரல் உயர்ந்தது. "வேன் அஞ்சு மணிக்குக் கிளம்புது. இப்ப வந்து ஆணிங்கிறீங்க, பூங்கிறீங்க!"

இரும்பு வைத்த தோட்டா பட்டாளத்திடம்தான் கிடைக்கும். மூவரும் கிந்த்ராத்தின் பழைய லாடா காரில் ஏறி, நெடுஞ்சாலைச் சோதனைச்சாவடிக்குப் போனார்கள். காவலுக்கு நின்றவன் யாரெமா. பிப்ரவரி வரை டிராக்டர் ஓட்டியவன்.

"ஒரே ஒரு தோட்டா கொடுடா தம்பி" என்றாள் ஒதார்க்கா.

"என்னக்கா இது, தலைவலி மாத்திரையா ஒண்ணு உதுத்துக் கொடுக்க? கணக்கு கேப்பாங்க." சொல்லிக்கொண்டே அவள் கக்கத்திலிருந்த தகட்டைப் பார்த்தான். "அது என்ன, ஸ்வீடனா?"

"ஸ்வீடன்."

யாரெமா தன் மார்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டான். அங்கிருந்தும் அதே ஓசை வந்தது.

"நானும் ஸ்வீடன்தான்" என்றான். கூட நின்றவனிடம் சாவடியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். "பயிற்சின்னு எழுதிக்கறேன். வாங்க."

பள்ளத்தில் தகட்டை மறுபடி சாய்த்தார்கள். முதல் குழியிலிருந்து ஒரு சாண் தள்ளிக் குறிவைத்துச் சுட்டான் யாரெமா. இந்தத் தடவை மணியோசை இல்லை. தகடு விழவுமில்லை. சட்டென்று குத்திய மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

முன்பக்கம் சின்னதாக, ஒழுங்காக ஒரு துளை. பின்பக்கம் உலோகம் கிழிந்து வெளியே பிதுங்கியிருந்தது. யாரெமா அதில் சுண்டுவிரலை நுழைத்தான். தாராளமாகப் போனது. பிறகு தன் கவசத்தைக் கழற்றினான், தகட்டை உருவினான், கையில் ஏந்திக் கொஞ்ச நேரம் பார்த்தான். மறுபடி உள்ளே செருகினான்.

"ஏண்டா திரும்பப் போடற?" என்றார் கிந்த்ராத்.

"குண்டு விழுந்தா தெறிக்கற துண்டைத் தடுக்கும்ல. வெறும் சட்டை அதைக்கூடத் தடுக்காது."

உஸ்தீனா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். "அதான் சொல்றேன், அனுப்பிடுவோம். இந்த ஓட்டைக் கதையெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டாம். தைரியமா இருப்பாரு."

"அந்தத் தைரியம் எதுக்குக்கா? துப்பாக்கி முன்னாடி நிமிந்து நிக்கவா?" என்றாள் ஒதார்க்கா. "தெரிஞ்சா குனிவாங்க."

உஸ்தீனா அவளை முறைத்தாள். ஊர் திரும்பும் வழியிலேயே ஒதார்க்கா ஓட்டையைப் படம் எடுத்து விற்றவனுக்கு அனுப்பினாள். உடனே பதில் வந்தது: "சுடப்பட்ட பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது."

கிந்த்ராத்தின் கொட்டகையில் வேலிக்கு அடிக்க வாங்கிய வெள்ளை பெயின்ட் மீதமிருந்தது. தம்பிக்கென்று மீந்த ஒற்றைத் தகட்டின் மேல், மருந்துச் சீட்டில் எழுதுவதைவிடத் தெளிவாக, ஒதார்க்கா எழுதினாள்: "சிதறலுக்கு மட்டும். தோட்டாவுக்கு நிற்காது." தம்பிக்குத் தொலைபேசியிலும் சொல்லிவிட்டாள். "அப்ப கம்பளியும் இருக்கட்டும்" என்றான் அவன்.

உஸ்தீனா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "உன் எழுத்து அவருக்குப் புரியாது" என்று தூரிகையைப் பிடுங்கினாள். தன் இரண்டு தகடுகளிலும் அதையே எழுதினாள். எழுதிவிட்டு, கீழே பெரிதாக இன்னொரு வரியும் சேர்த்தாள்: "குனிய்யா முட்டாளே."

பெயின்ட் காய்வதற்குள் வேன் வந்துவிட்டது. மூன்று தகடுகளையும் ஒன்றோடொன்று உரசாமல் காலுறை மூட்டைக்கும் முட்டைக்கோஸ் பணியாரக் கூடைக்கும் நடுவே நிறுத்திவைத்தார்கள். வண்டி ஐந்தேகாலுக்குக் கிளம்பியது.

மே மாதக் கடைசியில் திமீஷின் குழுவுக்குத் தோட்டாவையே தடுக்கும் பீங்கான் கவசத் தகடுகள் வந்தன. அனுப்பியவர்களே அந்தத் தொகுதியில் இரண்டை எடுத்து, இரும்பு வைத்த தோட்டாவால் முன்கூட்டியே சுட்டுப் பார்த்திருந்தார்கள். பெயின்டில் எழுதிய மூன்று எஃகுத் தகடுகளையும் அந்தக் குழு, சிதறல் படாமலிருக்க, ஜெனரேட்டரைச் சுற்றி நிறுத்திவைத்தது.