வெள்ளையாகத் தெரிந்த தெரு

வெள்ளம் எங்கே நிற்கிறது என்று செயற்கைக்கோள் ரேடார் படத்தைப் பார்த்துச் சொல்வது எங்கள் அலுவலகம். எங்கள் வரைபடத்தில் சிவப்பு விழுந்த இடத்துக்குத்தான் மீட்புப் படகு போகும். அலையில்லாத தண்ணீர், ரேடார் அனுப்பும் கதிரைக் கண்ணாடிபோல வேறு பக்கம் தட்டிவிடும். திரும்பி வராததால் அந்த இடம் கறுப்பாக விழும். கறுத்த இடத்தில் சிவப்பு. இந்த விதியைக் கணினியில் எழுதிவைத்த மகானுபாவன் நானே.

காலை ஆறு மணிக்கு மச்சினன் அழைத்தான். "அத்தான், வாசல்ல தண்ணி வருது. கிளம்பிடவா?"

படத்தில் அவன் தெரு வெள்ளைவெளேரென்று இருந்தது. "உன் தெரு காய்ஞ்சுதான் கிடக்கு. பேசாம வீட்ல இரு" என்றேன்.

ஒன்பதுக்கு மறுபடி அழைத்தான். "பிள்ளைங்களோட மொட்டைமாடில நிக்கிறோம் அத்தான். கீழ உங்க காய்ஞ்ச தெருல ஃப்ரிட்ஜ் மிதந்து போகுது. ஃபோன்ல சார்ஜும் இல்ல."

நான் அலுவலகத்துக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடக்க ஆரம்பித்தேன். நடந்த நடையில் தரை தேய்ந்து கீழ்மாடிக்காரரின் வழுக்கை தெரிந்தது. அவர் நிமிர்ந்து, "சார், கொஞ்சம் உக்காருங்களேன்" என்று கெஞ்சினார். என் மனைவி ஏழு முறை அழைத்தாள். ஏழு முறையும், "என் தம்பி எங்க?" என்ற ஒரே கேள்வி.

அதற்குள் இரண்டு படகுகள் விமான ஓடுபாதைக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. வழவழப்பான தாரும் ரேடாருக்குக் கறுப்புதான். வந்ததற்கு இருக்கட்டும் என்று காய்ந்த தாரில் இருநூறு அடி துடுப்புப் போட்டுவிட்டுத்தான் நிறுத்தினார்களாம்.

மேலதிகாரியம்மாவிடம் ஓடினேன். "மேடம், அந்தத் தெருவுக்குச் சிவப்பு போடணும்."

"படத்துல இல்லாததைக் கையால வரையக் கூடாதுன்னு ரூல் போட்டதே நீங்கதான் சார். மச்சினன் வீடுன்னா மட்டும் மாத்தலாமா? படத்துல காட்டுங்க, உடனே அனுப்புறேன்."

போன மாதத்துப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே தெரு, அதே வெள்ளை. ஆனால் இன்றைய வெள்ளை கண்ணைக் குத்தியது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. வீடுகள் நெருங்கிய தெருவில், தண்ணீர் தட்டிவிட்ட கதிர் சுவரில் மோதி, வந்த வழியே செயற்கைக்கோளுக்கே திரும்பிப் போய்விடுகிறது. அங்கே தண்ணீர் நின்றால் வெள்ளை இன்னும் பளீரென்று ஆகும்! கட்டடங்களுக்கு நடுவே போன மாதத்தைவிட வெளிச்சம் கூடின இடத்தையெல்லாம் கணினியைக் குறிக்கச் சொன்னேன். மச்சினன் தெருவோடு இன்னும் பதினேழு தெருக்கள் சிவந்தன.

மேடம் உடனே படகுக்காரர்களுக்கு ஃபோன் போட்டார். மச்சினன் ஃபோன் அணைந்து கிடந்தது. நான் மறுபடி நடந்தேன். கீழ்மாடிக்காரர் குடை பிடித்துக்கொண்டார்.

பதினொன்றரைக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. "அத்தான், படகுக்காரர் ஃபோன்ல பேசுறேன். எல்லாரும் ஏறிட்டோம். எந்தப் பக்கம் போனா தரை வரும்? படத்தைப் பாத்துச் சொல்லுங்க."

திரையைப் பார்த்தேன். கறுப்பையும் பார்த்தேன், வெள்ளையையும் பார்த்தேன்.

"படகுக்காரரையே கேளுடா" என்றேன்.