மறுபடி முதலிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு எங்கள் ஓட்டலின் விருந்துக் கூடத்தில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். மேடையில், இரண்டு இசைத்தட்டுக் கருவிகளுக்குப் பின்னால், நம் வீட்டுக் கடைக்குட்டி சுண்டு. ஒலிபெருக்கியிலிருந்து பத்தடி தள்ளி, மடக்கு நாற்காலியில் நான். என் பக்கத்தில் பாத்திரம் கழுவும் பிரிவின் மேற்பார்வையாளர். வயது வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் அவர் அக்கா. வாசலை ஒட்டி மேலாளர், சட்டைப்பையில் சுண்டுவின் ராஜினாமாக் கடிதத்தோடு. மற்ற முந்நூறு பேருக்கு நாற்காலி போடவில்லை. அவர்கள் உட்கார வந்தவர்கள் அல்ல.

"அவளோடது வேலையா, விளையாட்டா? பாத்து எழுது" என்று கேட்டிருந்தீர்கள். இதே ஓட்டலில் பார்த்த ஆறு வருட வரவேற்பு வேலையை உதறிவிட்டு ஊர் ஊராக இந்த இசை நிகழ்ச்சிகளுக்குப் போகிறேன் என்கிறாள். விளையாட்டு என்று எனக்குப் பட்டால் நான் தலையசைப்பதாகவும், மேலாளர் கடிதத்தைத் திருப்பித் தந்துவிடுவதாகவும் பேச்சு. அவளும் சரி என்றுதான் மேடை ஏறினாள்.

இந்த இசைக்கு டிரம் அண்ட் பேஸ் என்று பெயர். நிமிடத்துக்கு நூற்றெழுபத்து நான்கு அடி என்றாள். கடிகாரத்தை வைத்து எண்ணிப் பார்த்தேன். இரண்டு முறை கணக்கு தவறியது, மூன்றாம் முறை சரியாக வந்தது. மேலே முரசு அப்படி ஓடுகிறது. அடியில் ஒரு கனத்த ஓசை, ஆற அமர நடக்கிறது. அது காதுக்கு வருவதில்லை அப்பா, நேரே விலா எலும்புக்கு வருகிறது. என் தண்ணீர் டம்ளரில் வட்டம் வட்டமாக அலை.

பாரில் இருந்தவர் கண்ணாடிக் கோப்பைகளை ஈரத்துணி விரித்து அடுக்கியிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"இல்லன்னா அதுங்களும் ஆட எறங்கிடும் சார்!"

நாலரை மணிக்கு ஒரு பாட்டு ஆரம்பித்தது. அந்த அடி ஓசை நுழைந்து அரை நிமிடம்கூட ஆகவில்லை. முந்நூறு பேரும் கத்தினார்கள். பலர் சுவரைக் கையால் அறைந்தார்கள். சுண்டு பாட்டை நிறுத்திவிட்டாள்.

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் எழுந்துவிட்டேன், தலை அசையத்தான் பாக்கி.

அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "எங்க சார் கெளம்பிட்டீங்க?"

"நின்னு போச்சே அக்கா. மானமே போச்சு."

"அட நீங்க ஒண்ணு! நிறுத்த வச்சதே இவங்கதான். தாங்க முடியல, மறுபடி முதல்லேருந்து போடுன்னு கேக்கறாங்க. எத்தனை நிகழ்ச்சிக்குக் கோப்பை கழுவியிருக்கேன், இது எல்லாருக்கும் கெடைக்காது. கொடுத்து வச்சிருக்கணும். பேசாம உக்காருங்க."

பாட்டு முதலிலிருந்து வந்தது. இம்முறை எண்ணவில்லை. முந்நூறு பேர் ஒரே நொடியில் தரையை விட்டு எழும்பியதைப் பார்த்தேன். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. மேடையில் சுண்டு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு விரலால் ஏதோ ஒரு குமிழை மயிரிழை திருப்பினாள். அந்தக் கூடமே திரும்பியது.

இருபது வருடமாக உணவுக்கூடத்தில் நிற்கிறேன், இப்போது பரிமாறுபவர்களுக்குக் கேப்டன். கரண்டி தட்டில் படும் சத்தம் கேட்கக் கூடாது. நான் நிற்பதே விருந்தாளிக்குத் தெரியக் கூடாது. அதுதான் என் வேலைக்கு மரியாதை. அதே ஓட்டலில், அதே மேசைகளை ஒதுக்கிய இடத்தில், என் தங்கை கட்டடத்தையே பேச வைத்தாள்.

மேலாளர் வந்து காதருகே கத்தினார்: "என்ன கேப்டன், கடுதாசியத் திருப்பிக் குடுத்துடவா?"

"வேணாம் சார். ஃபைல்ல போட்டுடுங்க."

ஆறு மணிக்கு வியர்வையைத் துடைத்தபடி இறங்கி வந்தாள். "எப்படி இருந்துச்சுண்ணா?"

"காதே அடைச்சுப் போச்சுடி."

"அப்ப நல்லாத்தான் இருந்திருக்கு! அப்பாவுக்கு என்ன எழுதப்போற?"

"நடந்தத."

நடந்ததை எழுதிவிட்டேன் அப்பா. இது வேலைதான். அவளை விட்டுவிடுங்கள். மதிய உணவுக்குக் கூடம் திறக்க இன்னும் கால்மணி இருக்கிறது. தபால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்துகிறார். உறையை ஒட்டி அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.