காதில் தப்பாக விழுந்த பெயர்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மகளுக்கு வலிப்பு வருவதற்குச் சற்று முன்னால் ஊரிலுள்ள காக்கைகள் எல்லாம் அவர்கள் வீட்டுக் கூரையில் வந்து உட்காரும். முதல் தடவை வந்தபோது குழந்தைக்கு மூன்று வயது. நல்ல வெயில். அம்மா பள்ளிச் சீருடைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். சன்னல் இருண்டது, மழை என்று எண்ணி எழுந்தவள், பாப்பா தரையில் விறைத்துக் கிடப்பதைக் கண்டாள். துடிப்பு அடங்கிக் குழந்தை தூங்கியதும் காக்கைகள், வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறவர்களைப்போல, அவசரமில்லாமல் ஒவ்வொன்றாகப் பறந்து போயின. அடுத்த தடவை பக்கத்து வீட்டு அத்தை ஓடிவந்து, இது காக்கா வலிப்பு, இரும்பைக் கையில் கொடுத்தால் அடங்கிவிடும் என்று தன் சாவிக்கொத்தைப் பாப்பாவின் கையில் திணித்தாள். ஒரு காக்கை சன்னல் வழியாக உள்ளே வந்து சாவிக்கொத்தைக் கொத்திக்கொண்டு போய்விட்டது. பூட்டை உடைக்க ஆள் வரும்வரை அத்தை இவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்து, இரண்டு வேளை சாப்பிட்டு, உப்பு குறைச்சல் என்றும் சொல்லிவிட்டுப் போனாள். அந்தத் தெருவில் அதற்குப்பின் யாரும் வலிப்புக்கு இரும்பு கொடுத்ததில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பெயரே தப்பு என்றார். கால்கை வலிப்பு என்பதுதான் சொல். ஜனங்கள் வாயில் தேய்ந்து தேய்ந்து காக்கா ஆகிவிட்டது. தப்பாகத் தெரிகிறவர்களுக்குச் சரியாகத் தெரியவைப்பதே தொழிலாகக் கொண்ட கடைக்காரருக்கு இதைக் கேட்டதும் பாதி நோய் தீர்ந்த மாதிரி இருந்தது. அடுத்த முறை காக்கைகள் வந்தபோது, பாப்பா தெளியும்வரை பொறுத்திருந்து, ஏணி போட்டுக் கூரைமேல் ஏறினார். "நாங்க சொன்னது கால், கை. உங்க காதுல தப்பா விழுந்துடுச்சு. உங்கள யாரும் கூப்பிடல" என்று மரியாதையாகவே சொன்னார். மூத்த காக்கை ஒன்று தலையைச் சாய்த்து அவர் காலைப் பார்த்தது, பிறகு கையைப் பார்த்தது. எதுவும் கிளம்பவில்லை. அவர் இறங்கி வந்து, வீடு தேடி வந்தவர்களை இலக்கணம் பேசி அனுப்ப முடியாதுபோல என்றார் மனைவியிடம். அவள் சிரிக்கவில்லை. பல வருஷம் கழித்து, அவர் போன பிறகு, ஒருநாள் துணி வெட்டிக்கொண்டிருக்கும்போது அதை நினைத்துச் சிரித்தாள்.

மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதல் மருந்துக்குக் காக்கைகள் வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தன, ஆனாலும் வந்தன. இரண்டாவதுக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும் வந்தன, பிறகு எல்லாக் கிழமையும் செவ்வாயாகிவிட்டது. மூன்றாவது மருந்து பாப்பாவை நாள் முழுக்கத் தூங்கவைத்தது. காக்கைகளும் தூங்கி, கூரையிலிருந்து பழம் விழுவதுபோல் பொத்துப் பொத்தென்று முற்றத்தில் விழுந்தன. மண்டையைப் படம் பிடித்துப் பார்த்ததில் வலிப்பு ஒரே இடத்திலிருந்து கிளம்பவில்லை, அதனால் கத்தி வைக்க வழியில்லை என்று தெரிந்தது. இது எப்போது நிற்கும் என்று அம்மா கேட்டாள். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "ரெண்டு மருந்துக்கு அடங்கலன்னா அடுத்ததுக்கு அடங்குறது கஷ்டம்தான். ஆனா வளர வளரக் குறையிற பிள்ளைங்க உண்டு. நின்னுபோறவங்களும் உண்டு. இவளுக்கு எதுன்னு எனக்குத் தெரியாதும்மா." மாத்திரையை ஒரு வேளையும் தவறவிடக்கூடாது, அபூர்வமாகச் சில பிள்ளைகள் தூக்கத்திலேயே போய்விடுவதுண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை. அன்றிலிருந்து அம்மா ஒரு நாடாவின் ஒரு முனையைத் தன் மணிக்கட்டிலும் மறுமுனையை மகளின் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டு தூங்கினாள். டாக்டரம்மாவிடம் அவள் கேட்காமல் விட்ட கேள்வி வேறு. எங்களுக்கப்புறம் இவளுக்கு யார்?

பள்ளிக்கூடம் சரிப்படவில்லை. ஒவ்வொரு வலிப்பும் போகும்போது சில சொற்களைக் கூடவே எடுத்துக்கொண்டு போயிற்று. மேசை, வியாழன், எட்டாம் வாய்ப்பாடு என்று பாப்பா திரும்பத் திரும்பச் சம்பாதிக்க வேண்டியிருந்தது. ஆனால் முகம் மட்டும் மறக்காது. அப்பா கடையில் கொண்டுபோய் உட்காரவைத்தார். வாசற்படி ஏறுகிறவரைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு எந்த ஃபிரேம் பொருந்தும் என்று எடுத்து வைத்துவிடுவாள். பெயர் கேட்டால் மட்டும் விழிப்பாள். இதற்குள் ஊரும் பழகிவிட்டது. அபசகுனம், வீட்டைக் காலி பண்ணச் சொல்லுங்கள் என்று ஆரம்பத்தில் முணுமுணுத்தவர்களே, காக்கை கூடினால் கைவேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக்கூடாது, கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது பால்காரர்வரை தெரிந்திருந்தது.

மகளுக்கு இருபத்துமூன்று நடக்கும்போது கடைக்காரர் ஒரு லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடியே ஸ்டூலில் சாய்ந்து போய்ச் சேர்ந்தார். அன்று ஒரு காக்கைகூட வரவில்லை. அவருடைய கண்ணாடியைக் கழற்றி, ஊதித் துடைத்து, மறுபடி அவருக்கு மாட்டிவிட்டவள் மகள். அதற்குப்பின் அம்மா தையல் மெஷினைக் கடைக்கே கொண்டுவந்துவிட்டாள். மகளின் கை பட்டுவிடும் என்று லென்ஸ் தேய்க்கும் சக்கரத்தை விற்றாள். சுடுதண்ணீர்க் கெட்டிலைக்கூடப் பூட்டி வைத்தாள். கண்ணாடி வாங்க வருகிறவர்களும் தையல் மெஷினைப் பார்த்து, கடை மாறி வந்துவிட்டோமோ என்று திரும்பிப் போனார்கள். இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு மகள் ஒருநாள் மெஷினுக்கு உறையைப் போட்டு மூடினாள்.

"நாளையிலேர்ந்து கடைக்கு நான் தனியாப் போறேன்."

"நான் இல்லாம எப்படிடி சமாளிப்பே?"

"நீ இருக்கும்போதே அதப் பாத்துடலாம்மா. அப்புறம் உன்கிட்ட வந்து சொல்ல முடியாதுல்ல."

அம்மாவுக்கு அறைந்த மாதிரி இருந்தது. ஆனால் அன்று டாக்டரம்மாவிடம் தான் கேட்காமல் விட்ட கேள்வியை மகளும் இத்தனை வருஷம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. மெஷின் வீட்டுக்குத் திரும்பியது. மறுநாள் மகள் மாத்திரை போட்டுக்கொண்டு தனியாகக் கடைக்கு நடந்தாள்.

அந்த வாரம் அம்மா தைத்த காலரெல்லாம் தலைகீழ். வாரக் கடைசியில் காக்கைகள் வழக்கம்போல வீட்டுக் கூரையில் வந்து இறங்கின. குனிந்து முற்றத்தைப் பார்த்தன. உள்ளே அம்மா மட்டும் இருந்தாள். தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு, மொத்தமாக எழும்பிக் கடைத்தெருப் பக்கம் போயின. அம்மா வெறுங்காலோடு பின்னாலேயே ஓடினாள். தெரு முழுக்க நிழல் அவளுக்கு முன்னால் ஓடியது.

அவள் போய்ச் சேர்ந்தபோது வேலை முடிந்திருந்தது. மகள் கடைத் தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலைக்கடியில் யாருடைய சால்வையோ மடித்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்துக் கடிகாரக் கடைக்காரர் முள்ளைப் பார்த்து நிமிஷம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கண்ணுக்கு மட்டும் லென்ஸ் போட்ட சோதனை ஃபிரேமோடு ஒரு பெரியவர், கடை வாசலில் கூட்டம் சேராமல் கையை விரித்து மறித்துக்கொண்டிருந்தார். அம்மா வாசலிலேயே நின்றாள். அவள் கைகளுக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை. வெகுநாளைக்குப் பிறகு அவை சும்மா தொங்கின.

மகள் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். நாக்கு இன்னும் தடித்திருந்தது. சுற்றியிருந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, கடைசியில் அம்மாவிடம் வந்தாள்.

"செருப்பு எங்கம்மா?"

அம்மா குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தாள். மகள் பெரியவர் பக்கம் திரும்பி, அவருக்கு வட்ட ஃபிரேம் வேண்டாம், பட்டையானதுதான் முகத்துக்கு எடுப்பாக இருக்கும் என்றாள். பெரியவர் வட்டமே தனக்குப் பிடித்திருக்கிறது என்று கொஞ்ச நேரம் வாதாடிப் பார்த்துவிட்டு, பட்டையானதை வாங்கிக்கொண்டு போனார்.

வலிப்பு நிற்கவில்லை. ஒரு பருவம் முழுக்க வராமல் இருக்கும். பிறகு ஒரே வாரத்தில் சேர்த்துவைத்து வரும். மகள் கடை நடத்துகிறாள், மாத்திரை தவறுவதில்லை, புதிதாகச் சக்கரம் வாங்கி அதற்கு வேறு ஆள் வைத்திருக்கிறாள். காக்கைகள் இப்போதெல்லாம் நேரே கடைத்தெருவுக்கே போய்விடுகின்றன. கடிகாரக் கடைக்காரர் அவற்றுக்கு உட்கார வசதியாக இரண்டு கடைக்கும் நடுவே ஒரு கம்பி இழுத்துக் கட்டியிருக்கிறார். அம்மா மொட்டையாகக் கிடக்கும் தன் கூரைமேல் ஏறித் துவைத்த துணிகளைக் காயப்போடுகிறாள். சாயங்காலம் எடுக்கும்போது ஒன்றிலும் காக்கை எச்சத்தின் கறை இருப்பதில்லை.