ஒன்பது கண்ணாடிப் பெட்டிகள்

குறைமாதக் குழந்தைகளின் வார்டைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றப் பதினோரு நாள் கொடுத்தார்கள். தலைமை நர்ஸ் அன்றைக்கே, மதியச் சாப்பாட்டைத் தொடாமல், நின்றபடியே திட்டத்தை எழுதி முடித்துவிட்டாள்.

அவளுக்கு உட்கார்ந்து யோசிக்க வராது. நடந்தால்தான் மூளை ஓடும். பேசப் பேசத்தான் முடிவு பிறக்கும். பிறந்த கையோடு அதைச் செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்துவிடும். வார்டில் அவளுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். அது அவள் காதுக்கும் வந்திருந்தது. உள்ளூரப் பெருமைதான்.

பழைய வார்டு தரைத்தளத்தில் இருந்தது. புதியது தெருவுக்கு எதிர்ப்பக்கம், மூன்றாவது மாடியில். நடுவில் தெரு, ஒரு சாய்தளம், ஒரு லிஃப்ட். ஒன்பது குழந்தைகள், ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள். மிகச் சின்னவளுக்கு எடை ஒரு கிலோ நூறு கிராம்.

மறுநாள் கூட்டம். வந்தவர்கள் மூன்று பேர். குழந்தை டாக்டர் எந்தப் பேச்சையும் 'ஆனா' என்றுதான் தொடங்குவார், அதனால் முதுகுக்குப் பின்னால் அவர் 'ஆனா டாக்டர்'. கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்குக் கையில் ஏதாவது சாமான் இல்லாவிட்டால் வாய் திறக்காது. அன்று பேனாவைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆள் பன்னிரண்டு வருடமாக அந்த வார்டிலேயே இருக்கும் நர்ஸ். அவளை 'நிதானம்' என்பார்கள். அது பாராட்டா கிண்டலா என்பது சொல்லும் ஆளைப் பொறுத்தது.

தலைமை நர்ஸ் பன்னிரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் படித்து முடித்தாள். "சந்தேகம் ஏதாவது?"

"ஆனா லிஃப்ட் நின்னுட்டா?" என்றார் டாக்டர்.

"புது லிஃப்ட் சார். எதுக்கு நிக்கணும்?"

"ஆனா நின்னுட்டா?"

"அபசகுனமா பேசாதீங்க சார். வேற?" மெக்கானிக்கைப் பார்த்தாள். அவர் பேனாவின் ஸ்பிரிங்கைத் தேடிக்கொண்டிருந்தார். நிதானத்தைப் பார்த்தாள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி, முடிஞ்சுது. நாலு நாள்ல ஒத்திகை."

அந்த நான்கு நாளும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிந்ததும் எழுந்து அலமாரியை அடுக்கினாள், பிறகு கலைத்து மறுபடி அடுக்கினாள். "உனக்கு ஆஸ்பத்திரி மாத்தற வேலையா, வீடு மாத்தற வேலையா?" என்றான் கணவன். அவள் சிரிக்கவில்லை.

ஒத்திகை சொதப்பியது. ஒரு காலிப் பெட்டிக்குள், குழந்தைக்குப் பதிலாகத் தண்ணீர் பாட்டில் ஒன்றைத் துண்டில் சுற்றி வைத்துத் தள்ளினார்கள். சாய்தளம் தரையோடு சேரும் இடத்தில் சக்கரம் மாட்டிக் குலுங்கியது. பாட்டில் உருண்டு கண்ணாடியில் முட்டியது. லிஃப்டுக்குள் பெட்டியும் ஆக்சிஜன் சிலிண்டரும் போனால் இரண்டாவது ஆள் நிற்க இடமில்லை. மூன்றாவது மாடியைத் தொடுவதற்குள், நாற்பது நிமிடம் வர வேண்டிய பேட்டரி பதினெட்டாவது நிமிடத்திலேயே கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது.

"அந்தப் பேட்டரி தாங்காதுன்னு தெரியும்க்கா," என்றாள் நிதானம், மெதுவாக.

தலைமை நர்ஸுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "தெரியுமா? தெரிஞ்சிருந்துமா வாயை மூடிட்டு உக்காந்திருந்தே? உள்ள ஒரு குழந்தை இருந்திருந்தா?"

"நீங்க சந்தேகம் உண்டான்னு கேட்டீங்க. நான் மனசுக்குள்ள ஒழுங்குபடுத்தி வாயைத் திறக்கறதுக்குள்ள முடிஞ்சுதுன்னுட்டீங்க. எனக்கு உடனே வராதுக்கா."

"உடனே வராதுன்னா இந்த வேலைக்கே லாயக்கில்லை," என்று சொல்லிவிட்டாள். மெக்கானிக் குனிந்து சக்கரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். நிதானம் பாட்டிலை எடுத்துத் துண்டை மடித்துக்கொண்டு போனாள்.

சொன்ன வார்த்தை நெஞ்சில் முள்ளாக நின்றது. மறுநாள் வார்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். நிதானம் சின்னவளின் பெட்டிக்கு முன் நின்று, கடிகாரத்தையும் குழந்தையின் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு எண்ணுகிறாள். குறைமாதக் குழந்தையின் மூச்சு ஒரே சீராக வராது. கொஞ்சம் ஓடும், கொஞ்சம் நிற்கும். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கினால் கணக்கு தப்பிப்போகும். முழு நிமிடமும் எண்ண வேண்டும். அவசரத்தில் மற்றவர்கள் குறுக்குவழி பார்ப்பதுண்டு. நிதானம் ஒரு நாளும் பார்த்ததில்லை. அதனால்தான் மிகச் சின்ன குழந்தைகளை எப்போதும் அவளிடம் விடுவது. விட்டவள் வேறு யாருமில்லை, தலைமை நர்ஸேதான்.

பெட்டிக்கு முன்னால் எந்தக் குணத்தை நம்பினாளோ, அதையே ஒத்திகையில் குற்றம் என்று சொல்லியிருக்கிறாள். அது உறைத்ததும் காது சூடானது.

மன்னிப்புக் கேட்பதும் அவளுக்கு நடந்துகொண்டேதான் வந்தது. மருந்து அறை வரை நிதானத்தின் பின்னாலேயே போய், "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றாள். நிதானம் நடந்துகொண்டே இருந்தாள். நாலு எட்டு தாண்டி, "சரிக்கா," என்றாள். அந்த நாலு எட்டும் தலைமை நர்ஸுக்கு நாலு மைல்.

அதன்பிறகு வேலையை வேறு மாதிரி நடத்தினாள். கேள்விகளை முதல் நாளே தாளில் எழுதி நிதானத்திடம் கொடுத்தாள். மறுநாள் காலை அவள் இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவந்தாள். ஏழு பெட்டிக்குப் பேட்டரி மாற்ற வேண்டும். கடைசிக் குழந்தை மேலே போய்ச் சேரும்வரை பழைய வார்டில் ஓர் இடத்தில் மின்சாரமும் ஆக்சிஜனும் அப்படியே இருக்க வேண்டும். இப்படி எத்தனையோ. மெக்கானிக்கைக் கூட்டத்துக்கே கூப்பிடவில்லை; பெட்டியைத் தள்ளிக்கொண்டு அவரோடு தெருவில் நடந்தாள். கையில் கைப்பிடி வந்ததும் மனிதர் மடைதிறந்த மாதிரி பேசினார். "இந்தப் பள்ளத்துக்கு ஒரு ரப்பர் பட்டை போதும் மேடம். சிலிண்டரைப் பெட்டிக்குக் கீழ படுக்க வெச்சுக் கட்டிடறேன், லிஃப்டுல இன்னொரு ஆள் நிக்கலாம்."

டாக்டரோடுதான் பெரும்பாடு. அவருடைய பயங்களையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டு எழுதுவது என்று முடிவு செய்திருந்தாள். பத்தொன்பது 'ஆனா' வந்தது. மேஜைக்கடியில் அவளுடைய கால் தையல் மெஷின் மிதித்தது. பதினொன்றாவதில் கட்டடம் சாய்ந்தால் என்ன செய்வது என்று கேட்டார். "கட்டடம் சாஞ்சா நாம எல்லாரும் சேர்ந்தே போவோம் சார், அடுத்ததைச் சொல்லுங்க," என்றாள். அவரே சிரித்துவிட்டார். பத்தொன்பதில் ஆறு உருப்படியான பயங்கள். அந்த ஆறுக்கும் வழி எழுதினார்கள்.

மாற்றும் நாள் காலை தெருவில் வண்டிகளை நிறுத்தினார்கள். ஏழு குழந்தைகள் நல்லபடியாக மேலே போனார்கள். எட்டாவதாகச் சின்னவள். தெருவைத் தாண்டி லிஃப்ட் வாசலுக்கு வந்தபோது புதுக் கட்டடத்தின் தீ எச்சரிக்கை மணி அலறியது. இரண்டாவது மாடியில் யாரோ சுவரைத் துளைத்த தூசி. தீ ஒன்றும் இல்லை என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ஆனால் மணி அடித்ததும் லிஃப்ட் தானாகவே கீழே வந்து, கதவைத் திறந்துகொண்டு, அசையாமல் நின்றுவிட்டது. அதை மறுபடி ஓடவைக்கும் ஆள் வர அரை மணி ஆகும் என்றார்கள்.

பேட்டரியில் இருபத்தாறு நிமிடம் பாக்கி. குழந்தையின் அம்மா சுவரோரமாக வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

தலைமை நர்ஸுக்கு ஒரு நொடிதான் ஆனது. "தூக்குங்க. நாலு பேர் நாலு பக்கம். படியில போயிடலாம்."

மெக்கானிக் குனிந்துவிட்டார். டாக்டர், "ஆனா படியில சாஞ்சா..." என்று தொடங்கினார். நிதானம் பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

"அக்கா, ஒரு நிமிஷம்."

தலைமை நர்ஸின் உடம்பு முழுக்க 'தூக்கு தூக்கு' என்று அடித்துக்கொண்டது. நின்றாள். நிற்பது என்பது இவ்வளவு பெரிய வேலை என்று அவளுக்குத் தெரியாது. மணி இன்னும் அலறிக்கொண்டிருந்தது. நிதானம் குழந்தையைப் பார்த்தாள், பேட்டரியைப் பார்த்தாள், வந்த வழியைப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"மூச்சு நல்லா இருக்கு. பழைய வார்டு ஆறு நிமிஷம். அங்க இடம் தயாரா இருக்கு. படியில ஏத்தினா எத்தனை நிமிஷம்னு நமக்கே தெரியாது. திரும்பிடலாம்க்கா."

"திரும்பு," என்றாள் தலைமை நர்ஸ். சொன்ன வேகத்தில் தெருவுக்கு ஓடினாள். அதற்குள் வண்டிகள் புகுந்துவிட்டிருந்தன. நட்ட நடுவில் இரண்டு கையையும் விரித்து நின்று, ஒரு சரக்கு வண்டியை மூக்குக்கு அரையடியில் நிறுத்தினாள். ஓட்டுநர் திட்டினான். அவளும் திட்டினாள். அவளுக்குப் பின்னால் பெட்டி குலுங்காமல் கடந்துபோனது.

சின்னவளும் ஒன்பதாவது குழந்தையும் மதியம் இரண்டரைக்கு மேலே போய்ச் சேர்ந்தார்கள்.

மாலையில் புது வார்டின் கைகழுவும் தொட்டி அருகே இருவரும் நின்றார்கள். "உன்கிட்ட எத்தனை விஷயம் கேக்காம விட்டிருக்கேன்னு நினைச்சா பயமா இருக்கு," என்றாள் தலைமை நர்ஸ்.

நிதானம் கையைத் துடைத்து முடித்தாள். "உங்ககூட வேலை பாக்கறது கஷ்டம்தான்க்கா. போன வாரம் வேற வார்டு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கேன்."

தலைமை நர்ஸின் வாயில் பத்துப் பதில் முண்டியடித்தன. ஒன்றையும் வெளியே விடாமல் நின்றாள். காத்திருந்தாள்.

"அதைத் திரும்ப வாங்கிக்கலாமான்னு யோசிக்கறேன்," என்றாள் நிதானம். "நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் சொல்லவில்லை. மூன்றாம் நாள், மூச்சுக் கணக்கு எழுதும் தாளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தவள், "திரும்ப வாங்கிட்டேன்க்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த மூன்று நாளில் தலைமை நர்ஸ் புது வார்டின் மருந்து அலமாரியை ஐந்து முறை மாற்றி அடுக்கியிருந்தாள்.