காருக்கு வெட்டிய துணி

“ஏனுங்கப்பா, மழை வந்தா இந்தக் காரு எங்க போயி ஒண்டும்?” என்று செல்லமுத்துவின் மகள் ராமாயி கேட்டாள். எழுபத்தொன்பதாம் வருஷம், பங்குனி மாதம். சங்ககிரியில் அவன் லாரித் தார்ப்பாய் தைக்கும் கொட்டகையின் முன்னால், கூரையில்லாத சின்னஞ்சிறு சிவப்புக் கார் ஒன்று நின்றது.

“அதுக்குத்தான் சாமி உங்கப்பன்கிட்டக் கொண்டாந்திருக்கறேன்” என்று சிரித்தார் காரின் சொந்தக்காரர், சேலம் மில்காரர் ராசப்பன்.

இங்கிலாந்தில் செய்த எம்.ஜி. கார் அது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் மலை வளைவுகளில் அதைப் பறக்க விட்டிருக்கிறார். அவர் ஊருக்குக் கப்பலேறிய பிறகு, தோட்டத்துக் கிடங்கில் கோழிகள் முட்டையிடும் கூண்டாக வெகுகாலம் கிடந்தது. தகரத்துக்கு உள்ளே உடம்பு முழுக்க மரச்சட்டம். கரையான் தின்றுபோன அதை, லாரிக்கு பாடி கட்டும் ஆசாரிகள் புதிதாக இழைத்துக் கொடுத்தார்கள். சைக்கிளுக்குப் போலக் கம்பி வைத்த சக்கரங்களை ஒவ்வொரு கம்பியாக நிமிர்த்தினார்கள். மடக்குக் கூரை ஒன்றுதான் பாக்கி. சித்திரையில் மெட்ராஸில் பழைய கார்களின் ஊர்வலம் இருந்தது.

செல்லமுத்து புதுத் தார்ப்பாயில் தைத்துப் பார்த்தான். வளைய வேண்டிய இடத்தில் அது விறைத்துக்கொண்டு நின்றது. வெயில் தின்று மழை குடித்துப் பதப்பட்ட துணிதான் அந்த மடக்குச் சட்டத்தின் மேல் படியும். அப்படி ஒன்று கொட்டகை மூலையில் இருந்தது. சொந்த லாரி ஓட்டும் வீரன், ஓரம் தைக்கக் கொடுத்துவிட்டுப் போன தார்ப்பாய்.

கோடையில் மழை எங்கே வரப்போகிறது என்று நினைத்தான். நடுவில் நல்ல இடமாகப் பார்த்து வெட்டினான். அந்த ஓட்டைக்குப் பந்தல் துணியை ஒட்டுப் போட்டு, மேலே மெழுகு தடவி வீரனிடம் கொடுத்துவிட்டான்.

கூரை கச்சிதமாக உட்கார்ந்தது. ஊரே கூடி வேடிக்கை பார்க்க, ராசப்பன் அவன் தோளைத் தட்டிவிட்டுக் காரை ஓட்டிப் போனார்.

சித்திரையில் மழை வந்தது. ஒரு வாரம் கழித்து வீரன் தார்ப்பாயைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான்.

“மாப்ளே, நடு ஒட்டு உட்டுப்போச்சு. உன்ற ஊசிக்கும் வயசாயிருச்சாட்ட இருக்குது!”

விரித்தபோது துணியின் அடிப்புறமெல்லாம் மஞ்சள் கறை.

“என்ன லோடு?”

“நாமகிரிப்பேட்டை சின்னண்ணன் மண்டி மஞ்ச. மூட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. இனி மண்டிப் பக்கமே வராதேன்னுட்டாரு. கயித்தச் சரியாக் கட்டாம உட்டுட்டேன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன்.”

“கயிறா? நீ கட்டுன கயிறா?”

“பின்னே? தெச்சவன் பேரச் சொன்னா, நாளைக்கு உன்ற கொட்டாய்க்கு ஒரு லாரி வருமா? உடு மாப்ளே, டீ சொல்லு. நீ இதச் சரி பண்ணித் தர்ற வரைக்கும் இரவல் தார்ப்பாய்தான்.”

எதற்காக வெட்டினாய் என்று வீரன் கேட்கவே இல்லை. ஏசியிருந்தால் செல்லமுத்து ஒரு பொய்யாவது சொல்லியிருப்பான். இப்போது டீக் கிளாசிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

மறுநாள் நாமகிரிப்பேட்டைக்குப் பஸ் ஏறினான். மண்டிக்காரர் சின்னண்ணன் மஞ்சளை முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வீரன் லாரியில கயிறு சரியாத்தானுங்க கட்டியிருந்துச்சு. தார்ப்பாய வெட்டுனது நானுங்க.”

“எதுக்கப்பா?”

“ஒரு காருக்குக் கூரை தெக்கறதுக்குங்க.”

“வவுத்துக்குத் திருடுனவனப் பாத்திருக்கறேன். காருக்குத் தொப்பி தெக்கத் திருடுனவன இப்பத்தான் பாக்கறேன்!”

மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை செல்லமுத்து அங்கேயே நின்றான்.

“லோடு ஏத்த வரச்சொல்லி வீரனுக்கு நானே ஆளனுப்பறேன்” என்றார் சின்னண்ணன். “உன்ற கொட்டாய்க்கு என்ற சாக்குக்கூட வராது, தெரிஞ்சுக்கோ.”

“சரிங்க.”

திரும்பும் வழியில் மாரியம்மன் கோயிலுக்குள் நுழையக் கூச்சமாக இருந்தது. வெளியே நின்றே கும்பிட்டான்.

வைகாசியில் ஒரு நாள் உச்சி வெயிலில், மஞ்சள் ஏற்றிய வீரனின் லாரி சாலையோரப் புளியமரத்தடியில் நின்றது. வீரனும் கிளீனரும் சாப்பிடப் போயிருந்தார்கள். செல்லமுத்து ஒரு புதுத் தார்ப்பாயைத் தலையில் சுமந்து வந்தான். எல்லா ஓரத்திலும் இரட்டைத் தையல் போட்டிருந்தான். மேலே ஏறி, இரவல் தார்ப்பாயை அவிழ்த்து மடித்து கேபின் மேல் வைத்தான். புதியதை விரித்துக் கயிறு கட்டினான். பக்கத்துக் குழாயில் ஒரு குடம் தண்ணீர் பிடித்து வந்து நடுவில் ஊற்றி, அடியில் கையை விட்டு மூட்டையைத் தடவிப் பார்த்தான். காய்ந்திருந்தது. மேலே நின்ற தண்ணீரைத் துண்டால் ஒற்றி எடுத்தான்.

சாலையில் ஆள் நடமாட்டம் இல்லை. துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தான்.