நாற்காலியில் தூங்கிய அக்கா

மெத்தைக் கம்பெனியில் சரக்கு ஏற்றி அனுப்பும் பிரிவுக்கு அவன் மேற்பார்வையாளன். ஆழம் தெரியாமல் காலை விடுவது அவனுக்குப் புதிதல்ல. போன தடவை விட்டது லாரிக்கும் சரக்கு மேடைக்கும் நடுவில். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. இந்தத் தடவை விட்டது கம்பெனி நடத்திய புகைப்படப் போட்டியில்.

ஊழியர்களுக்கான போட்டி. தலைப்பு 'நிம்மதி'. கால் கட்டோடு கிடந்த நாட்களில் எடுத்த படம் ஒன்று அவன் போனில் இருந்தது. அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா தூங்குகிறாள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கிவிட்டது. மடியில் பாதி திருத்திய விடைத்தாள்கள், விரலிடுக்கில் மூடி போடாத சிவப்புப் பேனா. காலை வெயில் அவள் நரைத்த முன்முடியில் விழுந்திருக்கிறது. பதினோரு நாள் அந்த நாற்காலியைவிட்டு அவள் நகரவில்லை. ஊரே பார்க்கட்டும் என்றுதான் அனுப்பினான்.

விண்ணப்பத்தில் 'படத்தில் இருப்பவரின் சம்மதக் கையெழுத்து' என்று ஒரு கட்டம். அக்காவின் கையெழுத்தை அவனே போட்டான். அந்த வீட்டில் அது வழக்கம். அப்பா வாரக்கணக்கில் லாரி ஓட்டப் போய்விடுவார். அவன் மதிப்பெண் அட்டையில் அப்பாவின் கையெழுத்தை அக்காதான் போடுவாள். வளர்ந்த பிறகு அவளுக்கு வரும் பார்சல்களுக்கு அவள் கையெழுத்தை இவன் போட்டான். அச்சு அசல் அப்படியே வரும்.

படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. விளம்பரப் பிரிவு அதிகாரி அவனைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"நாற்காலியை எடுத்துட்டு நம்ம மெத்தையைப் போட்டுட்டோம். அக்கா எவ்வளவு சுகமா தூங்குறாங்க பாருங்க. அந்தப் பேப்பர், பேனா எல்லாம் எடுத்தாச்சு. முடியையும் கொஞ்சம் கறுப்பாக்கியிருக்கோம்."

"நாற்காலிதானே சார் அந்தப் படமே."

"படம் இனிமே கம்பெனியோடது. விதியில இருக்கு, அவங்களும் கையெழுத்துப் போட்டிருக்காங்களே. வெள்ளிக்கிழமை எல்லா பஸ் ஸ்டாப்புலயும் ஏறுது."

அக்கா கணக்கு டீச்சர். அவள் பள்ளிக்கூட வாசலுக்கு எதிரேயே ஒரு பஸ் ஸ்டாப் இருக்கிறது. வகுப்பில் கொட்டாவி விட்டாலே எழுப்பி நிற்கவைக்கும் டீச்சர் வாயைத் திறந்து தூங்குவதை எழுநூறு பிள்ளைகள் தினமும் பார்ப்பார்கள். அதில் யாராவது பேனாவால் மீசை வரைய ஒரு நாள் போதும்.

அன்று சாயங்காலமே போய்ச் சொல்லிவிட்டான். போட்டி விதிகளையும் விண்ணப்ப நகலையும் அவள் சிவப்புப் பேனாவோடு படித்தாள். 'எங்கும், எப்போதும், எவ்வித மாற்றத்துடனும்' என்ற வரிக்கு அடிக்கோடு போட்டாள். கடைசியாகக் கையெழுத்துக் கட்டத்துக்கு வந்தாள்.

"நல்லாத்தான் போட்டிருக்கே. நானே ஏமாந்துடுவேன்."

"அக்கா..."

"அப்பா கையெழுத்தை நான் போட்டப்பல்லாம், அவர் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா சொல்லிடுவேன். நீ ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"வேணாம்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சு."

"அப்ப என் பதில் உனக்குத் தெரிஞ்சே இருந்திருக்கு."

இரண்டு அடி வைத்திருந்தால்கூடத் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

மறுநாள் காலை, அக்காவின் கையெழுத்தைப் போட்டது தான்தான் என்று எழுதி அதிகாரியிடம் நீட்டினான். அவர் இரண்டு தடவை படித்தார்.

"சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிறீங்களே. இதுல வேலையே போகும், தெரியுமா?"

"தெரியும் சார்."

"அக்காகிட்ட புதுசா ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க. நான் இதைக் கிழிச்சுப் போட்டுடறேன்."

"நான் கேட்கமாட்டேன் சார்."

வேலை போகவில்லை, கண்டிப்புக் கடிதத்தோடு தப்பித்தான். பரிசும் பஸ் ஸ்டாப்புகளும் வாசல் காவலாளி எடுத்த நாய்ப் படத்துக்குப் போயின. அந்த நாயாவது நிஜமாகவே கம்பெனி மெத்தையில் தூங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மாற்றம் எதுவும் செய்யாத படத்தை அச்சுப் போட்டு அக்காவிடம் கொண்டுபோனான். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"இவ்வளவா நரைச்சிருக்கு எனக்கு?"

"எனக்கு அதுதான் அக்கா பிடிச்சிருக்கு."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் சிவப்பில் எழுதினாள்: 'இந்த வீட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் மட்டும். நாற்காலியோடு.' கீழே கையெழுத்துப் போட்டாள். பேனாவை அவனிடம் நீட்டினாள்.

"எடுத்தவனும் போடணும்."

அவன் குனிந்தான். பழக்கதோஷத்தில் கை அவளுடைய முதல் எழுத்தையே ஆரம்பித்தது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னோடதைப் போடுடா."

அவன் தன் பெயரை எழுதினான். எழுதி முடிக்கும்வரை அவள் அந்தக் கையை விடவில்லை.