ஈரச் சுவர்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மகளின் வறண்ட உதட்டை அவள் ஈரப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா கேட்டார்.

"போன தடவை பத்து நாள் வீட்டுக்குப் போனீங்களே, அப்போ சுரண்டுறது, இடிக்கிறது ஏதாச்சும் வேலை நடந்துச்சா?"

"இல்லீங்க" என்றாள். பஞ்சு பிடித்த கை மட்டும் நின்றுவிட்டது.

"ஈரச் சுவத்துப் பூஞ்சையைச் சுரண்டினா தூசியோட பறக்கும். நம்மள ஒண்ணும் பண்ணாது. ரத்தப் புத்துநோய்க்கு மருந்து ஏத்தின பிள்ளைங்களுக்கு எதிர்ப்பு சக்தி ஏது? நுரையீரல்ல இறங்கி மூளைக்கு ஏறிடும். ஆனா பாப்பாவுக்கு இது எங்கிருந்து வந்துச்சுன்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாதும்மா."

முடியாதாம்! அவளுக்குத் தெரியாதா? ஊர்ச் சுவருக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கிற மனுஷன் சொந்தச் சுவரைத் திரும்பிப் பார்க்கிறாரா என்று நச்சரித்தவளே அவள்தான். மகள் கிளிப்பச்சை கேட்டாள். அவர் லீவு போட்டுக் கறுப்புத் திட்டுகளைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, பட்டி பார்த்து, இரண்டு கோட்டிங் கொடுத்தார். ஆறு வயசுக்காரி கட்டிலில் உட்கார்ந்து, "அப்பா, உனக்கு ஒரே நாள்ல நரைச்சுப்போச்சு!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

இது அவர் காதுக்குப் போகவே கூடாது. போனால் அந்த மனுஷன் பிழைக்க மாட்டார்.

மூன்று மணிக்கு வலிப்பு வந்தது. மருந்துக் கடைக்குப் போன அவர் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "அப்பா வர்ற வரைக்கும் பொறுக்கக் கூடாதாடி சுண்டெலி" என்று மகளின் காலைக் கட்டிக்கொண்டு அழுதார்.

சாமான்களை எடுத்துவைத்தபோது, திரைக்கு அந்தப் பக்கம் அடுத்த கட்டில் பையனின் அம்மா போனில் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"திங்கக்கிழமை அனுப்பிடுவாங்களாம். நாங்க வந்ததும் அந்தக் கறுப்புச் சுவத்தைச் சுரண்டி வெள்ளையடிச்சிடுங்க. புள்ளைக்கு நல்லா இருக்கும்."

டாக்டரம்மா சொல்லிக்கொள்வார், நமக்கென்ன என்று நினைத்தாள். தூசி ஆகாதென்று நமக்கும்தான் சொன்னார்கள். பெயிண்ட் அடிப்பதைத் தூசியென்றா நினைத்தோம்? அவர் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். ஐயோ, இவர் கொஞ்சம் முன்னால் போய்விடக் கூடாதா!

போகவில்லை. அவள் திரையை விலக்கினாள்.

"சுரண்டாதீங்கம்மா. அந்தத் தூசிதான் எமன். நாங்க சுரண்டினோம்."

அந்த அம்மாவின் கை சட்டென்று பையனின் மொட்டைத் தலைமேல் போனது.

பின்னால் பை தரையில் இறங்கும் சத்தம் கேட்டது. "நான்தாங்க அடிக்கச் சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள்.

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.